போலந்தின் நடுக்கரையில் சிறு பாய்ப்படகுகளுக்கு ஒதுங்க இடம் கேட்டு ஒரு கோரிக்கைச் சாசனம்

க்டினியா, ஷ்செச்சின் கடல்சார் அலுவலகங்களுக்கும், துறைமுக நிர்வாகங்களுக்கும், பாதுகாப்பு அமைச்சகத்துக்கும்:

கோவோப்ஷெக்கிலிருந்து கிழக்கே ஹெல் முனை வரை எங்கள் கரை நேரான மணல்கரை. மறைவுக்கு ஒரு தீவோ விரிகுடாவோ கிடையாது. தார்வோவோ, உஸ்த்கா, வேபா, விவாதிஸ்வாவோவோ ஆகியவையே நம்பிப் போகும் துறைமுகங்கள். ஒன்றை விட்டால் அடுத்ததற்கு ஏறத்தாழ 20 முதல் 35 கடல் மைல். சிறு படகுக்கு அது பெரும்பாலும் ஒரு முழுப் பகல்.

எனவே எங்கள் முதல் கோரிக்கை, துறைமுக வாய்களைத் தூர் வாருங்கள் என்பதே. மேலைக்காற்று மணலை ஓயாமல் கிழக்கே தள்ளுகிறது. அலைதடுப்புச் சுவரில் தடைபட்டு, ஆற்றுவாயில் அது திட்டாகப் படிகிறது. வேபாவில் இதைக் கண்ணால் பார்க்கலாம். வடமேற்குக் காற்று வலுக்கும்போது அலை ஆற்றோட்டத்தில் மோதி, அந்தத் திட்டின் மேல் செங்குத்தாக எழுந்து உடைகிறது. புயலுக்கு ஒதுங்க வரும் படகு அங்கேதான் கவிழும் அபாயத்துக்கு ஆளாகிறது. 2022 செப்டம்பர் 17 அன்று விஸ்துலா மணல்நாக்கை வெட்டிப் புதுக் கால்வாய் திறந்த அரசுக்கு, பழைய வாய்களைப் பேணுவது இயலாத காரியமல்ல. ஒவ்வொரு பெரும் புயலுக்குப் பின்னும் ஆழத்தை அளந்து, அளந்த தேதியோடு அறிவியுங்கள்.

உஸ்த்காவுக்கும் யாரோஸ்வாவியெட்ஸுக்கும் இடையே ராணுவச் சுடுபயிற்சிப் பகுதி இருக்கிறது. பயிற்சி தேவைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அது நடக்கும்போது படகுகள் கடலுக்குள் வெகுதூரம் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது; இருட்டிய பிறகே கரை சேர முடிகிறது. மூடும் நேரங்களை ஒரு வாரம் முன்னதாகப் போலிஷ், ஜெர்மன், ஆங்கிலம் மூன்றிலும் வெளியிடுங்கள். பயிற்சி ரத்தானால் உடனே வானொலியில் சொல்லுங்கள்.

உஸ்த்காவில் படகு கட்டும் இடத்தையும் கவனியுங்கள். உள்ளே புகும் அலையில் படகு கான்கிரீட் சுவரோடு இரவெல்லாம் உரசுகிறது. மோதலைத் தாங்கப் பக்கவாட்டில் தொங்கவிடும் ஃபெண்டர் நசுங்கி மேலே ஏறிவிடும். கயிறு சுவர் விளிம்பில் இழை இழையாக அறும். மீனவர்கள் தங்கள் படகின் பக்கவாட்டில் கட்டிக்கொள்ள இடம் தருவதால்தான் பல இரவுகள் கழிகின்றன. அவர்களுடைய இடத்தை நாங்கள் கேட்கவில்லை. அலை எட்டாத பக்கம் ஒரு மிதவைத் துறை, காற்றுக்கு அஞ்சி நள்ளிரவில் வருபவருக்கென அதில் எப்போதும் காலியாக ஓர் இடம், இவை போதும்.

கரையோர வலைகளின் கொடிக்கம்புகளுக்கு இரவில் தெரியும் விளக்கு வேண்டும்; அதன் செலவை மீனவர் தலையில் கட்டாதீர்கள்.

மே மாதம் பருவம் தொடங்கும் முன், வேபாவின் வாயில் தூர் வாரும் தேதியை எழுத்தில் தாருங்கள்.