தணிக்கையும் நம்பிக்கையும்

இளைஞர் எதனைப் பார்க்கலாம், எதனைப் பார்க்கலாகாது என்னும் வினா மீண்டும் உலக அரங்கிலே எழுந்துள்ளது. பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகங்களிற் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டமொன்றை அவுஸ்திரேலியப் பாராளுமன்றம் 2024 நவம்பரில் நிறைவேற்றியது. இவ்வேளையில், பிரித்தானியாவிலே நெடுங்காலம் தடுக்கப்பட்டிருந்த ஓர் அமெரிக்கத் திரைப்படத்தின் வரலாற்றை நினைவுகூர்தல் பயனுடையதென எண்ணுகின்றேன்.

லாஸ்லோ பெனடெக் நெறிப்படுத்திய 'த வைல்ட் வன்' 1953 இல் வெளியாயிற்று. 1947 யூலையில் கலிபோர்னியாவின் ஹொலிஸ்டர் என்னும் சிற்றூரிலே மோட்டார்ச் சைக்கிளோட்டிகள் திரண்டு, குடித்துக் குழப்பம் விளைத்த சம்பவமே அதற்கு வித்து. 'லைப்' சஞ்சிகை வெளியிட்ட புகைப்படம் அச்சம்பவத்தை நாடெங்கும் பரப்பியது. பின்னர் பிராங்க் ரூனி அதனைத் தழுவிச் சிறுகதை எழுதினார். படத்தில் தோலங்கியணிந்த கூட்டத் தலைவனாகத் தோன்றியவர் மார்லன் பிராண்டோ. அவர் ஏறிவந்ததோ இங்கிலாந்தில் உற்பத்தியான 'ட்ரயம்ப்' வண்டி. ஆயினும் அவ்வண்டியைச் செய்த நாட்டு மக்களுக்கு அப்படத்தைப் பார்க்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டது.

1954 இல் பிரித்தானியத் தணிக்கைச் சபை சான்றிதழ் வழங்க மறுத்தது. குழப்பக்காரருக்குத் தக்க தண்டனை கிடைப்பதாகப் படம் காட்டவில்லை; அதனைக் காணும் வாலிபர் அவ்வாறே நடக்க முற்படுவர் என்பது சபையின் அச்சம். உள்ளூர் அதிகாரிகளின் தனியனுமதி பெற்று 1955 இல் கேம்பிரிட்ஜ் நகரின் ரெக்ஸ் அரங்கில் அது காட்டப்பட்டமை ஒரு விதிவிலக்கு. 1964 இல் கிளக்டன் என்னும் கரையோர நகரில் இளைஞர் கலகம் விளைத்தபோது, அதனைக் கருத்திற்கொண்டு சபை மீண்டும் மறுத்தது. 1967 இலேதான், வயதுவந்தோருக்கு மட்டுமெனச் சான்றிதழ் கிடைத்தது.

இங்கே நாம் சிந்திக்க வேண்டியதொன்றுண்டு. கலகம் விளைத்த அவ்விளைஞரிற் பெரும்பாலோர் படத்தைப் பார்த்திருக்க வாய்ப்பேயில்லை. பார்க்காத படமா அவர்களைக் கெடுத்தது? தோலங்கியும் அதிவேக ஓட்டமும் தடை நிலவிய ஆண்டுகளிலேயே 'றொக்கர்ஸ்' எனப்பட்டோரிடையே பரவிவிட்டன. நோயின் காரணத்தை ஆராயாது கண்ணாடியை மறைத்துவைத்த செயலே அத்தடை.

அதே காலத்தில் வேறொரு வழியை மேற்கொண்டவர் பில் ஷேர்கோல்ட் என்னும் அங்கிலிக்கன் குருவானவர். தாமும் மோட்டார்ச் சைக்கிள் செலுத்திய அவர், அவ்விளைஞர் கூடும் ஏஸ் தேநீர்ச்சாலைக்குத் தாமே சென்று அவர்களைத் தேவாலயத்துக்கு அழைத்தார். அவர்தம் வண்டிகளையும் ஆசீர்வதித்தார். கிழக்கிலண்டனில் 1959 இல் ஓர் இளைஞர் மன்றமாகத் தொடங்கிய 'ஐம்பத்தொன்பது கழகம்' அவர் முயற்சியால் அவர்களின் இல்லமாயிற்று. தடை நீங்கியபின் அக்கழகத்தினர் இப்படத்தைத் திரையிட, பெருந்திரளான மோட்டார்ச் சைக்கிளோட்டிகள் ஒருங்கே அமர்ந்து பார்த்தனர். எவருக்கு அது நஞ்சென்று சபை கருதியதோ, அவர்களையே நம்பி ஒரு தேவாலயக் கழகம் அதனைக் காட்டியமை பெரிதும் கவனிக்கத்தக்கது. பிற்காலத்தில் அதே தணிக்கை நிறுவனம், பெற்றோர் வழிகாட்டலுடன் சிறுவரும் காணத்தக்கதென இப்படத்தை வகைப்படுத்தியது.

ஒரு திரைப்படமும், இரவும் பகலும் கையிலிருந்து அகலாத சமூக ஊடகமும் ஒன்றல்ல. பிந்தியதன் தீமைகள் வேறு. அவற்றுக்குச் சட்டம் வேண்டுமென்போரின் வாதத்தை எளிதிற் புறக்கணித்தலாகாது. ஆனால் தடையோடு நம் கடமை முடிந்துவிட்டதெனக் கருதுவோமாயின், அன்று அச்சபை கண்ட பயனையே நாமும் காண்போம். தேநீர்ச்சாலைக்குச் சென்ற குருவானவரைப்போல இளைஞர் கூடுமிடத்துக்குச் செல்லவும், அவர்கள் பார்ப்பதை அவர்களுடன் அமர்ந்து பார்க்கவும், பார்த்ததைப் பற்றி உரையாடவும் யார் முன்வருவார்? பெற்றோரும் ஆசிரியரும் விடையளிக்க வேண்டிய வினா இதுவென்பதே என் துணிபு.