லைன் நிக்கணும் பாஸ்... அதுதான் கெத்து!

'பைப்லைன்'னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? எங்க ஓசூர்ல கேட்டா ஒகேனக்கல் தண்ணின்னு சொல்லுவாங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ் ஃபைனல் இயர்ல கேட்டா, ரெஸ்யூமேல போட வேண்டிய வார்த்தைன்னு சொல்லுவாங்க. இந்த வாரம் நாம பாக்கப் போறது ரெண்டாவது ரகம்!

நீங்க ஒரு வெப் அப்ளிகேஷன் எழுதி முடிச்சாச்சு. அதை சர்வர்ல ஏத்தணும். பழைய ஸ்டைல்ல என்ன பண்ணுவாங்க? ஒரு சீனியர் ராத்திரி உக்காந்து ஃபைலை எல்லாம் ஒண்ணொண்ணா காப்பி பண்ணி, சர்வரை ரீஸ்டார்ட் பண்ணி, சாமி படத்தைப் பாத்து ஒரு கும்பிடு போடுவார். அந்தக் கும்பிடைத் தவிர மீதி எல்லாத்தையும் மெஷினே செஞ்சா... அதுதான் பைப்லைன்.

நீங்க கோடை கிட்ஹப்புக்கு புஷ் பண்ணதும், மும்பையிலயோ அமெரிக்காவிலயோ ஒரு மெஷின் முழிச்சுக்கும். பில்ட் பண்ணும். டெஸ்ட் ஓட்டும். டாக்கர் டப்பாவுக்குள்ள அடைச்சு சீல் வைக்கும். முதல்ல ஸ்டேஜிங் சர்வர்ல ஏத்தி, மூச்சு வருதான்னு பாத்துட்டு, அப்புறம்தான் நிஜ ஜனங்க பாக்குற சர்வருக்கு அனுப்பும். இந்த வேலை வரிசையை எழுதி வைக்கிறது ஒரு யாம்ல் ஃபைல்ல. (ஒரு ஸ்பேஸ் தள்ளிப்போனாலும் கோவிச்சுக்கும். டேப் அடிச்சு தள்ளி வச்சா பேச்சுவார்த்தையே கிடையாது!)

இதை எங்கேயோ பாத்திருக்கோமேன்னு தோணுதா? அப்ப நீங்க சிப்காட் பக்கம் வளந்த ஆளு. 1980-ல டிவிஎஸ் 50 மொபெட் வெளிய வந்த ஊரு இது. தரத்துக்காக ஜப்பான்ல கொடுக்குற டெமிங் விருதை டிவிஎஸ் மோட்டார் 2002-ல வாங்கிச்சு. நம்ம வீட்டு மாமா, சித்தப்பால யாராவது ஒருத்தர் லைன்ல நின்னவரா இருப்பார். அவர்கிட்ட கேளுங்க, லைன்ல தப்பு நடந்தா என்ன பண்ணுவாங்கன்னு. ஜப்பான்ல சகிச்சி டொயோடா 1924-ல கொண்டுவந்த தறி, நூல் அறுந்தா தானா நின்னுடும். அவர் குடும்பத்து கார் ஃபேக்டரியில, தப்பு கண்ணுல பட்டா தொழிலாளி கயிறை இழுப்பார், லைட் எரியும், சரியாகலேன்னா லைன் நிக்கும். சாஃப்ட்வேர் பைப்லைனும் அந்த வம்சம்தான். வேகமா ஓடுறது யாரால வேணா முடியும். நிக்கத் தெரியணும்!

நிக்கலேன்னா? நைட் கேப்பிட்டல் கதையைக் கேளுங்க. அமெரிக்கப் பங்குச்சந்தையில பெரிய புள்ளி. 2012 ஆகஸ்ட் 1-க்கு முன்னாடி சில நாளா, எட்டு சர்வர்ல புது கோடை ஆளே கையால ஏத்தியிருக்காங்க. ஏழுல ஏறிடுச்சு, எட்டாவது விட்டுப்போச்சு. சரிபார்க்க இன்னொரு ஆள் இல்ல. அந்த எட்டாவது சர்வர்ல 2003-லயே ஓரங்கட்டின ஒரு பழைய புரோகிராம் தூங்கிட்டு இருந்தது. புது வேலைக்காகப் போட்ட சுவிட்ச், அதை எழுப்பி விட்டுடுச்சு. கண்ணு மண்ணு தெரியாம ஆர்டர் போட ஆரம்பிச்சது. மார்க்கெட் திறக்கிறதுக்கு முன்னாடியே சிஸ்டம் 97 ஈமெயில் அனுப்பியிருக்கு. யாரும் கண்டுக்கல! அப்புறம் பதறிப்போய் என்ன செஞ்சாங்க தெரியுமா? சரியா இருந்த ஏழு சர்வர்லேர்ந்தும் புது கோடை எடுத்துட்டாங்க. இப்ப எட்டுமே பேய்! 45 நிமிஷத்துல 46 கோடி டாலருக்கு மேல நஷ்டம். அடுத்த வருஷமே அந்தக் கம்பெனி இன்னொண்ணோட இணைஞ்சு போச்சு.

"அப்ப ஆட்டோமேட் பண்ணிட்டா சேஃப்"னு கிளம்பிடாதீங்க. 2024 ஜூலை 19, நம்ம நேரம் காலை 9.39-க்கு கிரவுட்ஸ்ட்ரைக் ஒரு அப்டேட் விட்டது. அது பக்கா ஆட்டோமேடிக். ஆனா தப்பான ஃபைலைச் சோதிக்கிற புரோகிராம்லயே ஓட்டை. கொஞ்சம் பேருக்கு மட்டும் முதல்ல அனுப்பிப் பாக்கவும் இல்ல. 78 நிமிஷத்துல திரும்ப எடுத்தாங்க. அதுக்குள்ள 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர் நீலமாயிடுச்சு. நம்ம ஊர் ஏர்போர்ட்ல பேனாவால போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தாங்களே, அதே நாள்தான்.

அதெல்லாம் டாலர் கணக்கு, நமக்கு என்னன்னு கேக்குறீங்களா? நான் இன்டர்ன்ஷிப் பண்ற சின்ன ஆபீஸ்ல செய்யறது ஷிஃப்ட் பஸ் அப்ளிகேஷன். எந்த ஸ்டாப், எத்தனை மணின்னு காட்டும். அதுல டைம் தப்பா ஏறினா, ராத்திரி ஷிஃப்ட் முடிச்ச ஒரு அக்கா ஹைவே ஓரத்துல தனியா நிப்பாங்க. அதனால எங்க டீம் லீடர் அக்கா ஒரு ரூல் வச்சிருக்காங்க: பஸ் டைம் டெஸ்ட் சிவப்பு காட்டினா, எம்.டி.யே வந்து சொன்னாலும் ஏத்தக் கூடாது. டெஸ்ட்டே இல்லாம பைப்லைன் போடுற ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் எக்கச்சக்கமா பாத்திருக்கேன். என்னைக் கேட்டா, அது குப்பையைச் சீக்கிரம் டெலிவரி பண்ற கொரியர் சர்வீஸ்.

பர்ஸ் காலின்னு சாக்கு சொல்ல முடியாது. பப்ளிக் ரெப்போவுக்கு கிட்ஹப் ஆக்‌ஷன்ஸோட சாதாரண மெஷின்கள் இலவசம். அமேசான் கிளவுடுக்கு மும்பைல 2016-லேர்ந்து, ஹைதராபாத்ல 2022-லேர்ந்து டேட்டா சென்டர் இருக்கு. ஆனா கிளவுட் சாவியை மட்டும் கோடுக்குள்ள எழுதி புஷ் பண்ணிடாதீங்க. பப்ளிக் ரெப்போல சாவி தேடுறதுக்குன்னே புரோகிராம் சுத்துது. உங்க கணக்குல எவனோ மெஷின் ஓட்டுவான், பில் உங்க அப்பா கார்டுக்கு வரும். ரெப்போ செட்டிங்ஸ்ல 'சீக்ரெட்ஸ்'னு ஒரு லாக்கர் இருக்கு, அங்க வையுங்க.

இந்த வார ஹோம்வொர்க்: ரெண்டும் ரெண்டும் அஞ்சுன்னு வேணும்னே ஒரு டெஸ்ட் எழுதி புஷ் பண்ணுங்க. லைன் நின்னுதா, இல்ல சைட்ல ஏறிடுச்சான்னு பாருங்க. ஏறிடுச்சுன்னா, பழைய வெர்ஷனுக்குத் திரும்ப எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு வாட்ச் பாத்து எழுதி வைங்க. அடுத்த வாரம் ரோல்பேக் பத்தி பேசும்போது அந்த நம்பர் தேவைப்படும். வர்ட்டா!