பின்னால் ரெண்டு டயரா, நாலு டயரா? டிரெய்லர் இழுக்க பிக்கப் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. டெக்சாஸில் இருக்கும் என் சித்தப்பா மகன் வாட்ஸ்அப் வீடியோவில் வந்தான். அங்கே சனிக்கிழமை சாயங்காலம். ஹூஸ்டன் பக்கம் ஒரு வண்டி ஷோரூம் வாசலில் நிற்கிறான். பின்னால் பளபளவென்று ரெண்டு பிக்கப்.

"அண்ணே, ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே டீசல் என்ஜின். ஒண்ணுல பின்னாடி ரெண்டு டயர், இன்னொண்ணுல நாலு டயர். ரெண்டு டயர் வண்டியே 18,000 பவுண்டு இழுக்கும்னு சேல்ஸ்மேன் சொல்றாரு. நான் வாங்கப் போற டிரெய்லர் வீடு 15,000 பவுண்டுதான். அப்புறம் எதுக்கு நாலு டயருக்குத் தண்டமா காசு கொடுக்கணும்?"

என்னிடம் ஏன் கேட்டான் என்றால், நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீஸில் பல வருஷம் கணக்கு எழுதியவன் நான். வண்டி ஓட்டியதைவிட, எந்த வண்டியில் எவ்வளவு ஏற்றலாம் என்று எழுதியதுதான் அதிகம். அவன் கேள்வியில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அந்த ஓட்டையில்தான் அமெரிக்காவிலும் கனடாவிலும் டிரெய்லர் இழுக்கிற பலர் விழுகிறார்கள். நம் பிள்ளைகள் பலர் இப்போது அங்கே பிக்கப் வாங்கி, விடுமுறைக்கு டிரெய்லர் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்புகிறார்கள். அதனால் விவரமாகவே பார்த்துவிடலாம்.

அது என்ன நாலு டயர் பிக்கப்?

நம் ஊர் ஆறு சக்கர லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் பக்கத்துக்கு ஒரு டயர், பின்னால் பக்கத்துக்கு ஒரு ஜோடி. அதே அமைப்பைப் பிக்கப்பில் வைத்தால் அதற்கு அமெரிக்காவில் 'டூவலி' என்று செல்லப்பெயர். ஃபோர்டு எஃப்-350, ராம் 3500, செவ்ரோலே சில்வராடோ 3500 ஆகிய மூன்றும் ஒற்றை டயரிலும் கிடைக்கும், இரட்டை டயரிலும் கிடைக்கும். இவற்றுக்கு ஒரு படி கீழே இருக்கும் எஃப்-250, ராம் 2500 போன்றவற்றில் ஒற்றை டயர் மட்டும்தான்.

என்ஜின் ஒன்றாகவே இருக்கலாம். அதனால்தான் குழப்பம். 'என்ஜின் ஒண்ணுதானே, அப்ப இழுக்கிற சக்தியும் ஒண்ணுதானே' என்று தோன்றும்.

இழுப்பது என்ஜின்தான். ஆனால் சுமையைத் தாங்குவது டயரும் ஆக்ஸிலும். டிரெய்லர் விஷயத்தில் முதலில் தீர்ந்துபோவது பெரும்பாலும் இழுக்கும் சக்தி இல்லை, தாங்கும் சக்தி. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

டிரெய்லர் பின்னால்தானே வருது, வண்டி எதைத் தாங்குது?

டிரெய்லரின் முழு எடையும் அதன் சொந்தச் சக்கரத்தில் நிற்பதில்லை. ஒரு பங்கு, இழுக்கும் வண்டியின் முதுகில் உட்காரும். பம்பருக்குக் கீழே உள்ள கொக்கியில் மாட்டும் சாதாரண டிரெய்லர் என்றால், அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம். பிக்கப் தொட்டியின் நடுவில், பின் ஆக்ஸிலுக்கு மேலே பூட்டு வைத்து மாட்டுகிற 'ஃபிஃப்த் வீல்' வகை டிரெய்லர் வீடு என்றால் 20 சதவீதத்துக்கு மேல்கூடப் போகும்.

இந்தப் பங்கைக் குறைத்துவிட்டால் நல்லதுதானே என்று நினைக்கக்கூடாது. முன்பாரம் குறைந்தால் டிரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பிக்கும். நெடுஞ்சாலையில் அந்த ஆட்டம் இழுக்கிற வண்டியையே புரட்டிவிடும். ஆகவே அந்தப் பாரம் வந்தே தீர வேண்டும், வண்டி அதைத் தாங்கியே தீர வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

வீடியோவிலேயே தம்பியை டிரைவர் கதவைத் திறக்கச் சொன்னேன். கதவு நிலையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். வண்டி, ஆட்கள், சாமான், டிரெய்லரின் முன்பாரம் எல்லாம் சேர்த்து அந்த வண்டி நிற்கக்கூடிய அதிகபட்ச எடை அதில் இருக்கும். ஒவ்வொரு ஆக்ஸிலும் எவ்வளவு தாங்கும் என்பதும் இருக்கும். அந்த மொத்தத்திலிருந்து வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் 'பேலோட்'. நம் லாரி ஆபீஸ் பாஷையில் சொன்னால், பாஸிங் எடையில் காலி வண்டி எடையைக் கழித்தது.

கணக்குக்காக உருண்டையான எண்களை வைத்துக்கொள்வோம். ஒற்றை டயர் வண்டியின் அதிகபட்ச எடை 12,000 பவுண்டு, டீசல் நிரப்பிய காலி வண்டி 7,900 பவுண்டு. மிச்சம் 4,100.

இப்போது தம்பி ஆசைப்பட்ட 15,000 பவுண்டு டிரெய்லர் வீடு. நம் கணக்கில் அது சுமார் 6,800 கிலோ. முன்பாரம் 22 சதவீதம் என்றால் 3,300 பவுண்டு. அதை மாட்டும் பூட்டு 200. கணவன், மனைவி, ரெண்டு பிள்ளைகள் சேர்த்து 600. டூல் பாக்ஸ், ஐஸ் பெட்டி, சைக்கிள் எல்லாம் 250. கூட்டினால் 4,350 பவுண்டு, கிட்டத்தட்ட ரெண்டு டன்.

தாங்குவது 4,100. ஏறுவது 4,350. '18,000 பவுண்டு இழுக்கும்' என்று சொன்ன அதே வண்டி, 15,000 பவுண்டு டிரெய்லரிலேயே வரம்பைத் தாண்டிவிட்டது. சேல்ஸ்மேன் பொய் சொல்லவில்லை. ஆனால் பாதிக் கணக்கைத்தான் சொன்னார்.

இரட்டை டயர் வண்டிக்கு வருவோம். இந்த ரகத்தில் அதிகபட்ச எடை 14,000 பவுண்டு வரை இருக்கும். வண்டியின் சொந்த எடையும் கூடுதல்தான், 8,500 என்று வையுங்கள். மிச்சம் 5,500. அதே டிரெய்லர், அதே குடும்பம், அதே சாமான் ஏறியும் 1,150 பவுண்டு கையில் நிற்கிறது.

டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட எண்ணும் இதையே சொல்லும். 125 என்ற லோடு இண்டெக்ஸ் போட்ட ஒற்றை டயர் 1,650 கிலோ தாங்கும். பின்னால் ரெண்டும் சேர்ந்து 3,300 கிலோ. டூவலியில் வரும் டயர் சிறியது. 121/118 என்று போட்டிருந்தால், ஜோடியாக ஓடும்போது ஒரு டயருக்கு 1,320 கிலோ. நாலும் சேர்ந்து 5,280 கிலோ. இதற்கு மேல் ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் தனி வரம்பு உண்டு, எது குறைவோ அதுதான் கணக்கு. ஆனாலும் வித்தியாசம் எவ்வளவு என்று தெரிகிறதல்லவா?

விளம்பரத்தில் போடுகிற எண் சும்மாவா?

சும்மா இல்லை. எஸ்.ஏ.இ. ஜே2807 என்ற தர அளவுகோல் இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் அணைப் பக்கம் பதினோரு மைலுக்கு மேல் நீளும் ஏற்றத்தில், நல்ல வெயிலில், ஏ.சி.யை முழுசாகப் போட்டுக்கொண்டு, டிரெய்லரோடு குறிப்பிட்ட வேகம் குறையாமல் ஏற வேண்டும். கடுமையான பரீட்சைதான்.

ஆனால் அந்தப் பரீட்சையில் வண்டிக்குள் இருப்பதாகக் கணக்கு வைப்பது தலா 150 பவுண்டு எடையுள்ள ரெண்டு பேர். 150 பவுண்டு என்றால் 68 கிலோ. பின்சீட்டில் பிள்ளைகள் கிடையாது, ஊரிலிருந்து வந்த அம்மா அப்பா கிடையாது, ஐஸ் பெட்டி கிடையாது. நம் வீட்டு வண்டி என்றைக்காவது அப்படிக் கிளம்பியிருக்கிறதா?

அப்போ எல்லாரும் டூவலி வாங்கணுமா?

வேண்டாம். என் கருத்தில், பெரும்பாலானவர்களுக்கு அது தேவையே இல்லை.

8,000 பவுண்டு எடையுள்ள சாதாரண டிரெய்லர், ரெண்டு குதிரை ஏற்றுகிற வண்டி, ஒரு நடுத்தரப் படகு. இவற்றின் முன்பாரம் ஆயிரம் பவுண்டுக்குப் பக்கத்தில்தான் வரும். அதே குடும்பமும் சாமானும் சேர்ந்தாலும் 2,000 பவுண்டைச் சுற்றியே நிற்கும். ஒற்றை டயர் வண்டி அதைச் சிரமமில்லாமல் தாங்கும்.

டூவலி வைத்திருப்பவரின் தினசரி அவஸ்தையையும் சொல்ல வேண்டும். ஒற்றை டயர் வண்டியின் அகலம் சுமார் 80 அங்குலம். டூவலி சுமார் 96 அங்குலம், அதாவது எட்டடி. மளிகைக் கடை பார்க்கிங்கில் கோட்டுக்குள் அடங்காது. காரிலிருந்தபடியே காபி வாங்கும் சந்தில் பின் மட்கார்டு உரசும். வாகனம் கழுவும் மிஷினில் பல இடங்களில் உள்ளே விடமாட்டார்கள். டயர் மாற்றும்போது நாலுக்குப் பதில் ஆறு. காலியாக ஓடும்போது எடை நாலு டயரில் பரவுவதால் சேற்றிலும் பனியிலும் பிடிப்பு குறையும்.

உள் டயரில் காற்று இறங்கினால் வெளியிலிருந்து தெரியவும் தெரியாது. நம் லாரி டிரைவர்கள் டீக்கடையில் இறங்கியதும் இரும்புக் கம்பியால் டயரைத் தட்டிப் பார்ப்பது இதற்காகத்தான். டூவலி வாங்குபவரும், உள் டயருக்கு எட்டுகிற நீளமான காற்றுமானியை எடுத்துக்கொண்டு குனிந்து பார்க்கப் பழக வேண்டும்.

'கெத்தா இருக்கும்' என்பதற்காக மட்டும் டூவலி வாங்குவது, ரெண்டு பேர் குடும்பத்துக்குப் பத்துப் படி குக்கர் வாங்குகிற மாதிரி.

ஆனால் தேவைப்படுகிறவர்களுக்கு அது ஆடம்பரம் இல்லை

பெரிய ஃபிஃப்த் வீல் வீடு, கனமான 'கூஸ்நெக்' டிரெய்லரில் டிராக்டரோ மாடுகளோ ஏற்றுபவர்கள், மாதக்கணக்கில் டிரெய்லரோடு சுற்றுபவர்கள். இவர்களுக்கு நாலு டயர்தான் பாதுகாப்பு. மேற்கு டெக்சாஸ் போன்ற வெட்டவெளியில் பக்கக் காற்று அடிக்கும்போது அகலமான பின்பக்கம் அசையாமல் நிற்கும். பின் டயர் ஒன்று வெடித்தால் பக்கத்து டயர், ஓரம் கட்டும் வரையாவது தாங்கிப் பிடிக்கும். ஒற்றை டயர் வண்டியில் அந்த மூலையில் மிஞ்சுவது வெறும் ரிம்.

இங்கே சிலர் ஒரு குறுக்குவழி சொல்வார்கள்: "ஒத்த டயர் வண்டியே வாங்கு, பின்னாடி ஏர் பேக் போட்டுக்கலாம்." ஏர் பேக் வண்டியின் பின்பக்கம் தொங்காமல் தூக்கிக் காட்டும், அவ்வளவுதான். ஸ்டிக்கரில் இருக்கும் எண் ஒரு பவுண்டுகூட மாறாது. டயரும் ஆக்ஸிலும் அதேதான். நாமக்கல்லில் கூடுதலாகப் பட்டை வைத்துவிட்டு 'இனி எவ்வளவு வேணா ஏத்தலாம்' என்று நினைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வளைவில் டயர் வெடிக்கும்போது பட்டை வந்து காப்பாற்றாது.

லைசென்ஸையும் பாருங்கள்

இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டெக்சாஸில் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மதிப்பீட்டு எடை 26,000 பவுண்டைத் தாண்டி, டிரெய்லர் மட்டும் 10,000 பவுண்டுக்கு மேல் இருந்தால், சொந்த உபயோகத்துக்கே என்றாலும் 'கிளாஸ் ஏ' லைசென்ஸ் வேண்டும். தம்பியின் கணக்கில் 12,000 கூட்டல் 15,000, மொத்தம் 27,000. ஒற்றை டயர் வாங்கினாலும் சாதாரண கார் லைசென்ஸ் போதாது. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும் என்பதால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் உங்கள் மாநில விதியைப் பார்த்துவிடுவது நல்லது.

சரி, எப்படி முடிவெடுப்பது?

முதலில் டிரெய்லரை முடிவு செய்யுங்கள், அப்புறம் வண்டி. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். டிரெய்லரின் காலி எடையை நம்பாமல், முழுதாக ஏற்றிய எடையில் முன்பாரத்தைக் கணக்கிடுங்கள். வீட்டு ஆட்கள், பூட்டு, சாமான் எல்லாவற்றையும் கூட்டுங்கள். வாங்கப்போகும் அதே வண்டியின் கதவு ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள். புத்தகத்தில் உள்ள எண் வேறு, கதவில் உள்ள எண் வேறு. கொஞ்சமாவது மிச்சம் இல்லையென்றால் அந்தச் சேர்க்கை வேண்டாம். வாங்கிய பிறகும், லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்பில் உள்ள எடை மேடையில் ஒருமுறை எல்லாவற்றோடும் ஏற்றி, ஆக்ஸில் வாரியாக எடை பாருங்கள். கொஞ்சப் பணத்தில் உண்மை தெரிந்துவிடும்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. யாரும் சொல்லாதது, எந்த ஷோரூமுக்கும் பிடிக்காதது. வண்டியைப் பெரிதாக்க முடியாதென்றால் டிரெய்லரைச் சின்னதாக்குங்கள்.

தம்பி கடைசியில் அதைத்தான் செய்தான். தினமும் ஆபீஸுக்கு ஓட்டப்போவதும் அந்த வண்டிதான், ஆபீஸின் அடுக்குமாடி பார்க்கிங்கில் டூவலி நுழையாது. வருஷத்துக்கு மூணு தடவை போகிற பயணத்துக்காக மிச்ச நாளெல்லாம் எட்டடி அகலத்தோடு மல்லுக்கட்ட அவனால் முடியாது. அதனால் ஒற்றை டயர் வண்டியையே எடுத்துக்கொண்டு, டிரெய்லர் வீட்டை 8,000 பவுண்டு சாதாரண வகைக்கு மாற்றிவிட்டான். "பசங்களுக்குத் தனி ரூம் போச்சுண்ணே" என்று குறைபட்டுக்கொண்டான்.

"போகட்டும்டா, ரெண்டும் ஒரே பெட்டுல படுத்துக்கும். பின் டயரை மட்டும் கிளம்புறதுக்கு முன்னாடி தினமும் பாரு" என்றேன்.