படிக்கட்டை மாற்றப் போகிறீர்களா? முதலில் டேப்பை எடுங்கள்!

வீடு கட்டும்போது பூஜை அறைக்கு மூலை பார்ப்பார்கள். சமையலறைக்குத் திசை பார்ப்பார்கள். ஹாலில் டி.வி. எங்கே வரும் என்றுகூட யோசிப்பார்கள். படிக்கட்டுக்கு மட்டும் யாரும் எதுவும் பார்ப்பதில்லை. எல்லாம் போக மிச்சம் இருக்கும் இடத்தில் அது செங்குத்தாக ஏறி நிற்கும்.

இதன் பலன் இருபது, முப்பது வருடம் கழித்துத்தான் தெரியும். ஒரு காலத்தில் ஓடி ஏறியவர்கள் சுவரைப் பிடித்து ஏறுவார்கள். பிறகு ஏறுவதையே விட்டுவிடுவார்கள். பாட்டிக்கு மொட்டை மாடியில் வற்றல் காயப்போட ஆசை இருக்கும், முழங்கால் விடாது. அப்போதுதான் "இந்தப் படியை மாத்தணும்" என்ற பேச்சு வீட்டில் எழும்.

பேச்சு எழுந்ததும் என்ன நடக்கிறது? கிரானைட்டா, தேக்கா, ஸ்டீல் கைப்பிடியா, கண்ணாடியா என்று விவாதம் தொடங்கிவிடுகிறது. ஆனால் முழங்காலுக்குக் கிரானைட் தெரியாது. அதற்குத் தெரிந்தது இரண்டே விஷயம்: படியின் உயரம், பாதம் வைக்கும் அகலம்.

இதற்குக் கணக்கு உண்டு. 17ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சுவா புளொன்டல் என்ற பிரெஞ்சு கட்டடக் கலைஞர் மனிதனின் நடை அளவை வைத்து ஒரு வழி சொன்னார். இரண்டு படி உயரத்தோடு ஒரு மிதி அகலத்தைக் கூட்டினால் சுமார் 24 அங்குலம் வர வேண்டும். நம் நாட்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் (2016) வீட்டுப் படியின் உயரம் 19 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது, மிதி 25 செ.மீ.க்குக் குறையக்கூடாது என்கிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். கீழ்த்தளத் தரையிலிருந்து மேல்தளத் தரை வரை 10 அடி, அதாவது 120 அங்குலம். பழைய படிக்கட்டில் 13 ஏற்றம் என்றால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 9¼ அங்குலம். மிதி 8 அங்குலம்தான். புளொன்டல் கணக்கில் 26½ வருகிறது. பாட்டி ஏன் மூச்சு வாங்குகிறார் என்பது புரிகிறதல்லவா? அதையே 17 ஏற்றமாகப் பிரித்தால் உயரம் 7 அங்குலத்தைச் சற்றுத்தான் தாண்டும். மிதியை 10 அங்குலம் வைத்தால் கணக்கு 24ல் வந்து நிற்கிறது.

சிக்கல் இங்கேதான். பழைய படி தரையில் எடுத்துக்கொண்ட நீளம் 8 அடி. புதியதற்கு 13 அடி 4 அங்குலம் வேண்டும். நடுவில் லேண்டிங் வைத்துத் திருப்பினால் சுமார் 10 அடியில் அடங்கும், ஆனால் அகலம் இரட்டிப்பாகும். "ஹால் சின்னதாகிவிடுமே" என்று வீட்டில் ஒரு குரல் எழும். ஆகட்டுமே! ஹாலில் ஒரு சோபா குறைந்தால் யாருக்கும் எலும்பு முறியாது.

செலவைக் குறைக்கப் பழைய படியின் மேலேயே கல் ஒட்டுபவர்களும் உண்டு. கலவையும் கல்லும் சேர்ந்து ஒன்றரை அங்குலம் ஏறினால், முதல் படி மட்டும் ஒன்றரை அங்குலம் உயர்ந்துவிடும். கடைசி ஏற்றம் அதே அளவு குறைந்துவிடும். கால் ஒரே தாளத்துக்குப் பழகியது. தாளம் தப்பும் இடத்தில்தான் மனிதன் விழுகிறான். எண்ணிக்கை ஒற்றைப்படையில் முடிய வேண்டும் என்று கொத்தனாரிடம் சொல்லி, நடுவில் ஒரு குட்டைப் படி செருகுவதும் இதே தவறுதான். நம்பிக்கை இருக்கலாம், தப்பில்லை. எல்லாப் படியையும் சமமாகப் பிரித்தே ஒற்றைப்படைக்கு வரலாமே!

இடம் மிச்சம் என்று சுழல் படிக்கட்டு வைப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். பீரோவும் கட்டிலும் அதில் ஏறாது. அவசரத்துக்கு ஒரு நோயாளியை நாற்காலியில் வைத்துத் தூக்கி இறக்கவும் முடியாது.

உடைப்பதற்கு முன் பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுவது அவசியம். கான்கிரீட் படியின் கம்பிகள் மேல்தளத்தின் பீமோடும் ஸ்லாபோடும் பிணைந்திருக்கும். முட்டுக் கொடுக்காமல் சம்மட்டியை ஓங்கினால் போவது படிக்கட்டு மட்டுமல்ல. வேலை நடக்கும் நாட்களில் மாடிக்கு எப்படிப் போவது, தண்ணீர்த் தொட்டியை யார் பார்ப்பது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும்.

இடமே இல்லாத வீடும் இருக்கிறது. அங்கே இருபுறமும் கைப்பிடி, வழுக்காத மிதி, நல்ல வெளிச்சம் இவையாவது வேண்டும். பெரியவர்களின் படுக்கையறை கீழே வரட்டும். அழகுக்காகச் செங்குத்தான படிக்கு மேல் பளபளப்புக் கல் பதிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

ஆகவே கல் கடைக்குப் போகும் முன், வீட்டில் மூத்தவர் எந்தப் படியில் நின்று மூச்சு வாங்குகிறார் என்று பாருங்கள். புதிய படிக்கட்டின் பிளான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.