மான் தின்னும் கன்று நமக்கு! மான் தின்னாத புதர் காட்டுக்கு! இது என்ன நியாயம்?



கல்வராயன் மலையடிவாரத்தில் ரெண்டு ஏக்கர் வைத்திருப்பவன் படும் பாட்டைச் சொல்ல ஒரு ராத்திரி போதாது. மக்காச்சோளம் முளை விட்டால் மான். உளுந்து பூ எடுத்தால் மான். மல்லாட்டைக் கொடி பச்சை கட்டினால் மான். பன்றி வேரோடு தோண்டிப் போட்டது போக, மீதியை மான் நுனியோடு மேய்ந்துவிட்டுப் போகிறது. கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய் கொல்லையில் படுத்து, தகரம் தட்டி, டார்ச் அடித்து, தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

சரி, பயிர் வேண்டாம், மரம் வைத்தாவது பிழைக்கலாம் என்று பார்த்தால் அங்கேயும் மண்!

2021-22ல் தமிழ்நாடு அரசு நீடித்த பசுமைப் போர்வை இயக்கம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. வரப்பு ஓரம் நட்டால் ஏக்கருக்கு 50 கன்று, தோப்பாக நட்டால் ஏக்கருக்கு 160 கன்று, இலவசம். உயிரோடு நிற்கிற கன்றுக்குப் பராமரிப்புக் காசும் உண்டு. நல்ல திட்டம்தான், குறை சொல்லவில்லை. நம் சங்கத்துக்காரர் ஒருவர் ஆசை ஆசையாகச் சந்தனமும் செம்மரமும் வாங்கி வந்து குழி எடுத்து நட்டார். குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினார் அவர் வீட்டம்மா. மூன்றாம் மாதம் போய்ப் பார்த்தால் குச்சிதான் நிற்கிறது. இலையைக் காணோம். கணக்கெடுக்க வந்தவர் என்ன சொன்னார் தெரியுமா? "மானுக்குப் பிடிக்காததாப் பாத்து வெச்சிருக்கலாமே?"

அப்படியா ஐயா! எது பிடிக்கும், எது பிடிக்காது என்று கன்று கொடுக்கும்போது ஒரு துண்டுச் சீட்டாவது கொடுத்தீர்களா? நீங்கள் கொடுக்காததை இந்தத் துண்டறிக்கை கொடுக்கிறது.

ஆட்டைக் கேள், அது சொல்லும்!

மானும் ஆடு மாதிரி அசை போடுகிற பிராணிதான். ஆடு ஓடிப்போய்க் கடிப்பதை மானும் கடிக்கும். ஆடு மோந்து பார்த்துவிட்டு விலகுவதை மானும் பெரும்பாலும் விலக்கும். ஆடாதோடைக்கு அந்தப் பேர் வந்ததே ஆடு தொடாத இலை என்பதால்தான் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பேர் வைத்தவர் எந்தக் கல்லூரியில் படித்தார்?

மான் விரும்பிக் கடிப்பவை: சந்தனம், செம்மரம், வேங்கை, அகத்தி, சூபாபுல், முருங்கை, மாங்கன்று. இதையெல்லாம் காட்டு ஓரத்தில் காவல் இல்லாமல் வைப்பது பந்தி போட்டு இலை விரித்தது மாதிரி.

பெரும்பாலும் தொடாதவை: நொச்சி, ஆடாதோடை, எருக்கு, ஆவாரை, காட்டாமணக்கு, திருகுகள்ளி, ரயில் கற்றாழை, புங்கன். வாடை, கசப்பு, பால், முள் ஆகியவைதான் இவற்றுக்குக் காவல். நொச்சி போத்தை வெட்டி மழைக்காலத்தில் ஊன்றினாலே தழைக்கும். அதன் இலை குதிருக்குள் போட உதவும். ஆடாதோடையும் புங்கந்தழையும் வயலுக்கு உரம். செலவு இல்லாத சாமான்கள்!

நடுகிற முறை: வெளி வரிசையில் கிளுவைப் போத்தும் கள்ளியும் நெருக்கமாக. அதற்கு உள்ளே நொச்சியும் ஆடாதோடையும் இடைவெளி இல்லாமல். மான் உயரமாகத் தாண்டும், ஆனால் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாத இடத்தில் குதிக்கத் தயங்கும். அதனால் வேலிக்கு உயரம் மட்டும் போதாது, அடர்த்தியும் வேண்டும். விலை போகிற கன்றை நடுவில் வையுங்கள். ஆறடி வளரும்வரை முள் அடைப்பு வேண்டும். மான் தின்னாத தேக்காக இருந்தாலும் கிடா மான் கொம்பைத் தேய்த்துப் பட்டையை உரித்துவிடும். தண்டைச் சுற்றி முள் கட்டுங்கள். வரப்பில் பனங்கொட்டை போடுங்கள். கருக்கு வந்த பனையை எந்த வாயும் நெருங்காது.

ஒரு எச்சரிக்கை. காட்டாமணக்குக் கொட்டை பிள்ளைகள் வாய்க்குப் போகக் கூடாது. கள்ளிப்பால் கண்ணில் படக் கூடாது. மான் தொடாது என்று அரளியை மாட்டுக்கொட்டகைப் பக்கம் வைக்காதீர்கள், மாடு செத்துவிடும்.

இவ்வளவும் செய்தால் எல்லாம் தீர்ந்ததா?

இல்லை! பொய் சொல்லி உங்களை ஏமாற்ற நாங்கள் வரவில்லை. பசி முற்றினால் மான் எதையும் கடிக்கும். பங்குனி, சித்திரையில் காய்ந்த காட்டிலிருந்து இறங்கி வருகிற மானுக்குக் கசப்பு என்ன, இனிப்பு என்ன?

அப்படியானால் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். மான் ஏன் கீழே இறங்குகிறது? புள்ளிமானுக்கு முதல் சாப்பாடு புல். அந்தப் புல் எங்கே? உள்ளே போய்ப் பாருங்கள், உன்னிச்செடி மண்டிக் கிடக்கிறது. வெள்ளைக்காரன் 1800களில் அழகுக்காகக் கொண்டுவந்த செடி அது. மான் அதைத் தின்னாது. அது மண்டிய இடத்தில் புல்லும் முளைக்காது. 1974ல் ஆரம்பித்த வனத்தோட்டக் கழகம் தமிழ்நாட்டில் காகித ஆலைக்காகத் தைலமரத்தைத் தோப்புத் தோப்பாக வளர்த்தது. தைலமரத்தையும் மான் தின்னாது!

அன்னியக் களைச்செடிகளை அகற்ற 2022ல் மாநில அரசு கொள்கையே வெளியிட்டது. கொள்கை காகிதத்தில் இருக்கிறது. உன்னி மலையில் இருக்கிறது. மான் நம்ம கொல்லையில் இருக்கிறது!

மான் தின்னாததை நடு என்று நமக்குப் பாடம் சொல்கிறவர்களே! மான் தின்னாததைக் காட்டில் வளர விட்டது யார்? மான் தின்பதை நம்ம கையில் கொடுத்தது யார்? காட்டில் நட வேண்டியது இங்கே வருகிறது, இங்கே நட வேண்டியது காட்டில் நிற்கிறது. தலைகீழ் நிர்வாகம் என்றால் இதுதான்!

மான் நமக்கு எதிரி இல்லை

மானைக் கொல்லச் சொல்லி நாம் கேட்கவில்லை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் புள்ளிமான் பாதுகாக்கப்பட்ட விலங்கு. வேட்டையாடினால் மூன்று ஆண்டு வரை சிறை. கோபத்தில் கண்ணி வைப்பவன், கம்பியில் கரண்ட் இழுப்பவன் தன் குடும்பத்தையே தெருவில் நிறுத்துகிறான். கரண்ட் கம்பிக்கு மான் எது, மடை திறக்கப் போகிற பக்கத்துக் கொல்லைக்காரன் எது என்று தெரியுமா? மின்வேலிக்கு 2023ல் தனி விதிகளே வந்துவிட்டன. அந்த வழி வேண்டவே வேண்டாம்.

மானைக் காப்பது நாட்டின் கடமை என்றால் அந்தச் செலவும் நாட்டினுடையது. ரெண்டு ஏக்கர்க்காரன் தலையில் மட்டும் அதைக் கட்டுவது அநியாயம்!

காட்டு விலங்கு அழிக்கிற பயிருக்கும் 2026 காரிப் பருவத்திலிருந்து பயிர்க் காப்பீட்டில் இடம் உண்டு என்று 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. எந்தெந்த விலங்கு என்று பட்டியல் போடுவது மாநில அரசு. சேதத்தை 72 மணி நேரத்துக்குள் செயலியில் படத்தோடு பதிய வேண்டும். பட்டன் போன் வைத்திருக்கிற பெரியவர் எங்கே போய்ப் பதிவார்?

நம் கோரிக்கைகள்

1. காட்டு ஓரக் கிராமங்களுக்குத் தரும் கன்றுகளில், மான் தொடாத மரமும் வேலிச்செடியும் தனிப் பட்டியலாகச் சேர்க்கப்பட வேண்டும். நொச்சி, கிளுவை, ஆடாதோடைப் போத்துகள் நாற்றங்காலிலிருந்து இலவசமாக வேண்டும்.

2. மான் கடிக்கிற கன்று கொடுத்தால் அதோடு அடைப்புக்கான செலவும் கொடுக்க வேண்டும். மான் தின்ற கன்றுக்கு மாற்றுக் கன்று தர வேண்டும்.

3. கல்வராயன் மலைக் காடுகளில் உன்னிச்செடியை அகற்றிப் புல்லும் தீவன மரங்களும் வளர்க்க வேண்டும். அந்த வேலையும் கூலியும் மலைவாழ் மக்களுக்கும் அடிவாரக் கூலிக்காரர்களுக்கும் கிடைக்க வேண்டும்.

4. கோடையில் காட்டுக்குள் தண்ணீர்த் தொட்டிகளை நிரப்ப வேண்டும்.

5. காப்பீட்டுப் பட்டியலில் புள்ளிமான் பெயர் இருக்க வேண்டும். சேதத்தைப் பதிய ஊராட்சி அலுவலகத்திலேயே வசதி வேண்டும்.

6. பயிர்ச் சேத இழப்பீட்டுக்கு வனத்துறை, வருவாய்த்துறை, வேளாண்துறை என்று விவசாயியை அலைய விடாமல், மூவரும் ஒரே நாளில் வயலுக்கு வர வேண்டும்.

விவசாயிகளே! 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. விழுப்புரம் வரை பஸ் ஏறிய காலம் போய்விட்டது. ஆட்சியர் அலுவலகம் பக்கத்தில் வந்துவிட்டது, நியாயமும் பக்கத்தில் வர வேண்டாமா? வருகிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு ஊருக்குப் பத்துப் பேராவது வாருங்கள். கையில் மனு ஒன்று, மான் கடித்த கன்றின் குச்சி ஒன்று! மேசைமேல் அந்தக் குச்சிகளை அடுக்கி வைப்போம். பதில் சொல்லட்டும்!

வேலியை நாம் போடுவோம்! காட்டை அரசு சரி செய்யட்டும்!

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!

இவண்,
விவசாயிகள் சங்கம்,
சின்னசேலம் வட்டாரம்.