நூலகப் பெண் பணியாளர்கள்: திருப்தியும் உரிமையும்

பல்கலைக்கழக நூலகப் பணியாளர்களின் பணித் திருப்தியில் ஆண், பெண் வேறுபாடு உண்டா என்று ஆராயும் ஆய்வேடுகள் நூலக அறிவியல் துறைகளில் தொடர்ந்து எழுதப்படுகின்றன. வினாப்பட்டியலில் பெண்களின் மதிப்பெண் ஆண்களுக்கு நிகராகவோ கூடுதலாகவோ அமைந்தால், பாகுபாடு இல்லை என்று நிர்வாகங்கள் எளிதில் முடிவுகட்டிவிடலாம். அந்த முடிவு தவறானது.

பிரிட்டனின் குடும்ப ஆய்வுத் தரவுகளை ஆராய்ந்த பொருளியலாளர் ஆண்ட்ரூ கிளார்க், 1997இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு முரண்பாட்டைச் சுட்டினார். குறைந்த ஊதியம் பெறும் பெண்களே ஆண்களைவிடக் கூடுதலான பணித் திருப்தியைத் தெரிவித்தனர். இளம் பெண்களிடமும் உயர்கல்வி பெற்றவர்களிடமும் இந்த வேறுபாடு மறைந்துபோனது. பெண்களின் எதிர்பார்ப்பு தாழ்ந்திருந்ததே காரணம் என்பது அவரது விளக்கம். சமத்துவத்தை எதிர்பார்க்கத் தொடங்கும் பெண்ணிடம் அந்தக் கூடுதல் திருப்தி நிலைப்பதில்லை.

காவிரியை ஒட்டிய காட்டுப்பகுதியில் தமிழ் பேசும் மக்கள் வாழும் ஊர் கோபிநத்தம். பழைய மைசூரு மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், 1997இல் நடந்த பிரிவினைக்குப் பின் சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ளது. இத்தகைய எல்லைக் கிராமத்திலிருந்து நூலக அறிவியல் பட்டம் பெறும் ஒரு பெண், ஏதேனும் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் ஒப்பந்தப் பணியில் சேர்வதாகக் கொண்டால், தம் நிலையை அவர் எதனோடு ஒப்பிடுவார்? கூலி வேலைக்குச் செல்லும் தாயின் வாழ்வோடுதான். உடன் பணியாற்றும் ஆணோ நிரந்தரப் பணியிடத்தோடு ஒப்பிடுவார். வேலையும் ஊதியமும் ஒன்றாகவே இருந்தாலும் விடைகள் வேறாகும்.

2018ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகளின்படி உதவி நூலகருக்கும் உதவிப் பேராசிரியருக்கும் தொடக்க ஊதிய நிலை ஒன்றே. ஆனால் ஒப்பந்தத்திலும் அவுட்சோர்சிங் முறையிலும் அமர்த்தப்படுவோர் அந்த ஊதிய விகிதத்துக்கு வெளியே நிறுத்தப்படுகின்றனர். சம வேலைக்குச் சம ஊதியம் தற்காலிகப் பணியாளர்களுக்கும் உரியது என்று உச்ச நீதிமன்றம் 2016இல் ஜக்ஜித் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் பேறுகாலப் பலன் உண்டு என்று 2023இல் கவிதா யாதவ் வழக்கில் தெளிவுபடுத்தியது. இவை நடைமுறைக்கு வர, தட்டிக் கேட்கும் அமைப்பு வேண்டும். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்ற அச்சத்தில் இருப்பவர் தனியாக எப்படிக் கேட்பார்? திருப்தி வினாப்பட்டியலிலும் அந்த அச்சமே பேனாவைப் பிடிக்கிறது.

ஆகவே ஆய்வாளர்களின் கேள்விகள் மாற வேண்டும். நிரந்தரப் பணியிடங்களில் பெண்கள் எத்தனை பேர், ஒப்பந்தத்தில் எத்தனை பேர்? 26 வாரப் பேறுகால விடுப்பு ஊதியத்துடன் கிடைக்கிறதா? இரவு வரை நூலகம் திறந்திருக்கும் நாட்களில் வீடு திரும்ப வாகனம் உண்டா? 2013ஆம் ஆண்டுச் சட்டப்படியான பாலியல் புகார்க் குழு இயங்குகிறதா? குழந்தைக் காப்பகம் இருக்கிறதா?

காலிப் பணியிடங்களை நிரந்தரமாக நிரப்புதல், அதுவரை சம ஊதியம் வழங்குதல் என்னும் இரு கோரிக்கைகளை ஆசிரியர், அலுவலர் சங்கங்கள் ஒன்றுபட்டு முன்னெடுக்க வேண்டும். ஒப்பந்த நூலகப் பெண்களைச் சங்கத்தில் உறுப்பினராக்குவது அதற்கான முதல் வேலை.