லினக்ஸ் கணினிக்கு மட்டும் ஏன் கதவடைப்பு?

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூல் ஸ்க்ராட்ச் சொல்லித் தருகிறது. கட்டளைக் கட்டங்களை ஒன்றோடொன்று கோத்து, திரையில் பூனையை நடக்கவிட்டு, நிரல் எழுதப் பழக்கும் அருமையான மென்பொருள் அது. எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் உருவாகி 2007இல் வெளிவந்தது. இன்று ஸ்க்ராட்ச் அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. காசு வாங்குவதில்லை, மூலநிரலும் திறந்தே இருக்கிறது. ஆனால் 2019 ஜனவரியில் மூன்றாம் பதிப்பு வந்தபின், இணையம் இல்லாமல் இயங்கும் செயலியை விண்டோஸ், மேக், குரோம்புக், ஆண்ட்ராய்டு அனைத்துக்கும் தருகிற அறக்கட்டளை லினக்ஸ் இயங்குதளத்துக்கு மட்டும் தர மறுக்கிறது. இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

முடியாத வேலை என்று சொல்ல வழியே இல்லை. பழைய 1.4 பதிப்பு லினக்ஸில் ஓடியது. இப்போதைய கணினிச் செயலி எலக்ட்ரான் என்னும் மென்பொருள் கட்டமைப்பின் மீது கட்டப்பட்டது. எலக்ட்ரான் லினக்ஸிலும் இயங்கும். டெபியன் லினக்ஸ் வழிவந்த இயங்குதளத்தில் ஓடும் ராஸ்பெர்ரி பை கணினிக்கு 2019இலேயே ஸ்க்ராட்ச் 3 வந்துவிட்டது. பிறகென்ன தடை?

'உலாவியில் திறந்துகொள்ளலாமே' என்பார்கள். திருத்தணி வட்டத்துக் கே.ஜி.கண்டிகை போன்ற ஊரில் வகுப்பே ஒன்றாகத் திறந்தால் சிக்னல் தாங்குமா? 'ஆர்வலர்கள் தொகுத்துத் தந்த கோப்பு இருக்கிறதே' என்பார்கள். முகம் தெரியாத ஒருவர் கட்டிய கோப்பைப் பள்ளிக் கணினியில் ஏற்ற எந்த ஆசிரியருக்குத் துணிவு வரும்? நாளை ஏதாவது ஆனால் தலைமையாசிரியர் முன் கைகட்டி நிற்கப்போவது அவர்தானே!

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐத் தாங்காத பழைய கணினிகளைக் குப்பையில் போடாமல் காப்பாற்ற லினக்ஸ்தான் கைகொடுக்கும். ஏழைப் பள்ளிக்குக் கிடைப்பது பெரும்பாலும் பழைய கணினிதான். அந்தக் கணினியைத்தான் அறக்கட்டளை வாசலில் நிறுத்தியிருக்கிறது.

நம் பள்ளிக்கல்வித் துறைக்கும் இதில் பொறுப்பு உண்டு. பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் நூல் உபுண்டு என்ற லினக்ஸைக் கற்பிக்கிறது. 2011இல் தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. அதில் பாடத்துக்கு வேண்டிய மென்பொருள் ஓடுகிறதா என்று பார்த்து, ஆசிரியரைப் பழக்கும் வேலையைத் தொடர்ந்து செய்திருந்தால் இந்த நிலை வந்திருக்குமா? கேரளத்தில் அரசின் கைட் நிறுவனம் பள்ளிகளுக்கென்றே லினக்ஸ் இயங்குதளம் கட்டி, பாடத்துக்கான மென்பொருள்களை அதிலேயே சேர்த்துக் கொடுக்கிறது. அதே வேலையைச் செய்ய நம்மிடம் ஆளில்லையா?

அறக்கட்டளை தன் பெயரில், தன் பொறுப்பில், அடுத்த பதிப்பிலேயே லினக்ஸ் செயலியை வெளியிட வேண்டும். லட்சக்கணக்கான மாணவர்களுக்கு ஸ்க்ராட்ச் கற்பிக்கும் அரசு என்ற உரிமையோடு தமிழ்நாடு அதை எழுத்துமூலம் கேட்க வேண்டும். அதுவரை காத்திராமல், துறையே சோதித்துச் சான்றளித்த தொகுப்பை வரும் ஜூனில் பள்ளி திறக்கும் முன் பென்டிரைவில் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் அனுப்ப வேண்டும்.